எந்தக் காதில் விழுந்தது

சாமியார் பங்களா வராந்தாவின் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது மணி இரண்டரை. சனிக்கிழமை. ஐந்து மணிக்குக் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம், சனங்கள் வந்து சொல்லும் பாவங்களை, கேட்க உட்கார வேண்டும். நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது, அதற்குள் பங்கிராஸ் சாமியார் ஒரே ஒரு விஷயத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். கஸ்மீருக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து கடுதாசி வந்துவிட்டது என்று தன்னிடம் சொன்னது யார், எங்கே வைத்து? வாசலிலா, பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத் தொட்டிக்குள்ளா? வாசல் என்றால் ஒன்றுமில்லை, ஊர்ப் பேச்சு. தொட்டி என்றால், அங்கே கேட்டதை வெளியே விடவே கூடாது, அவர் தொலைந்தார். நாற்பத்தாறு வருஷக் குருத்துவமும் இன்று காலை ஆறே முக்காலுக்கு, மாதா சிலை நிற்கிற கெபிக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் போய்விட்டது, அதுதான் கொடுமை. பூசை முடிந்து வெளியே வந்து எப்போதும்போல ஒவ்வொருவரையும் நிறுத்தி நலம் கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்மீரும் அவன் பெண்சாதி மெற்றில்டாவும் வந்தார்கள். அவன் கப்பலில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவன், கரைக்கு வந்து ஒன்றரை வருஷமாகச் சும்மா இருக்கிறான். அவன் தோளில் தட்டி, என்னல கஸ்மீரு, கப்பல்காரன் கூப்பிட்டும் போவாம இங்கனயே சுத்துதியாமே, பெண்டாட்டி முந்தானை அவ்வளவு இறுக்கமா, என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவன், எந்தக் கப்பல் சாமி, என்றான். உண்மையாகவே தெரியாதவன் கேட்கிற கேள்வி. மெற்றில்டாவின் முகம் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துப்போனது. தலையில் போட்டிருந்த முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற கூட்டம் நெருக்க, அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவள் முன்னால் வேகமாக, அவன் பின்னால் மெதுவாக.

அப்போதே கணக்குப் போட்டது புத்தி. மற்ற நேரத்தில் காலை மாத்திரை தின்றோமா இல்லையா என்று தெரியாத புத்தி, இதை மட்டும் அரை நிமிஷத்தில் போட்டுவிட்டது. கடுதாசி வந்திருக்கிறது. புருஷனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அவள் மறைத்திருக்கிறாள். புருஷனிடம் மறைத்ததை ஒரு பெண்பிள்ளை வேறு யாரிடம் சொல்வாள்? தாயிடம்கூடச் சொல்லமாட்டாள். முழங்காலில் நின்று, கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் வாயை வைத்து, சாமி நான் பாவி என்று தொடங்கித்தான் சொல்வாள். சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வாசலில் வைத்து அவள் புருஷனிடமே, அதுவும் கேலியாக. நாற்காலியின் கைப்பிடியில் இடது கை தானாக ஆடத் தொடங்கியது. வலது கையால் அதைப் பிடித்து அழுத்தினார். இந்தக் கை ஆட்டத்துக்குப் பேர் வைத்து, மாத்திரை கொடுத்து, இனிமேல் பூசையில ரசப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீங்க ஃபாதர் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. கை போகட்டும். கால் வீங்குகிறது, வீங்கட்டும். சர்க்கரை, அது யாருக்குத்தான் இல்லை. வலது காது மூன்று வருஷமாக முழுச் செவிடு, அதுவும் போகட்டும். ஞாபகம் எப்படி இருக்கு என்று டாக்டர் கேட்டபோது மட்டும், அதெல்லாம் கல்லுமாதிரி இருக்கு என்று பொய் சொன்னார். அதைத் தன் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. சொல்ல இருந்தவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், பக்கத்துப் பங்கில் இருந்த ஞானாதிக்கம் சாமியார். இப்போது இதை யாரிடம் போய்ச் சொல்வது. ஆயரிடமா? ஆயருக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் குருப்பட்டம் வாங்கும்போது அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

குருமடத்தில் ஒழுக்க இயல் நடத்திய சாமியார் ஒருநாள் கேட்டார்: உங்கள் செருப்பைத் திருடினவன் வந்து பாவசங்கீர்த்தனம் செய்கிறான், செருப்பு இப்போதும் என் காலில்தான் கிடக்கிறது சாமி என்கிறான், அவன் எழுந்து போகும்போது நீங்கள் அவன் காலைப் பார்க்கலாமா? இருபத்தெட்டு பேரும் யோசித்தோம். பார்த்தால் என்ன, பார்ப்பது பேச்சா என்றான் ஒருவன். பார்க்கக்கூடாது, என்றார் அவர், வெறுங்காலோடு வீட்டுக்குப் போ. எல்லோரும் சிரித்தோம். அப்படி வெறுங்காலோடு நாற்பத்தாறு வருஷம் நடந்தாயிற்று. கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தெரிந்தும் குரல் நடுங்காமல் வாசித்ததும், ஒரு சாவு வீட்டில் முதல் வரிசையில் நின்று மாரடித்து அழுதவனின் கையை, அது என்ன செய்த கை என்று தெரிந்தும், பிடித்து ஆறுதல் சொன்னதும், எல்லாம் எவ்வளவு சுலபமாக வந்தது அப்போது. மண்டைக்குள் இரண்டு அறை. தொட்டியில் கேட்டது ஓர் அறை, வெளியே கேட்டது ஓர் அறை. நடுவில் சுவர். அந்தச் சுவர் இருக்கிறது என்றுகூட நினைத்ததில்லை. இந்தக் கடற்கரையில் எந்தச் சுவர்தான் நிற்கிறது? பங்களாவின் மேற்குச் சுவரைப் பார், உப்புக் காற்றில் பொரிந்து பொரிந்து, விரலை வைத்தால் மாவு மாதிரி கொட்டுகிறது. பாவசங்கீர்த்தன முத்திரையை உடைத்து, கேட்டதை வெளியே சொன்ன குருவானவர் அந்த நிமிஷமே சபைக்குப் புறம்பானவர். யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம், தானாகவே. அந்தத் தண்டனையை நீக்க வேண்டுமானால் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வர வேண்டும். வேண்டுமென்று செய்தால்தான் அப்படி, தவறி வாயில் வந்ததற்கு அந்தத் தண்டனை இல்லை, அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தவறி வந்தது என்று யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். என் பேச்சை நானே நம்ப முடியாதபோது? கேலி பேச வேண்டும் என்று நினைத்துத்தானே பேசினாய், பங்கிராஸ். நாக்கு தானாக ஆட, அது இடது கை இல்லையே.

சரி, நிதானமாகப் பார்ப்போம். அந்த வார்த்தையைத் தனியாக எடுத்து வை. 'கஸ்மீருக்குக் கப்பல் கம்பெனியிலேருந்து கடுதாசி வந்துட்டு.' அவ்வளவுதான். யார் குரல்? குரல் இல்லை. ஆணா பெண்ணா? தலையும் வாலும் வெட்டிப்போட்ட மீன் துண்டு மாதிரி கிடக்கிறது, எந்த மீன் என்று சொல்ல முடியவில்லை. எப்போது? மழைக்கு முன்னாலா, பின்னாலா? இரண்டு காதும் கேட்ட காலமென்றால் எந்தக் காது என்பதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். தொட்டியில் பெண்கள் பக்கம் வலது காது, ஆண்கள் பக்கம் இடது காது. வலது காதில் ரகசியமாக, கிசுகிசுவென்று, தட்டியில் மூச்சுப் பட்டு வருவது ஒரு மாதிரி நினைவிருக்கும். இப்போது வலது பக்கத்துப் பலகையை ஆணி அடித்து மூடியாயிற்று. எல்லாரும் இடது பக்கமே வருகிறார்கள். வாசலில் பேசுகிறவர்களும் இடது பக்கம் வந்து நின்றுதான் கத்துகிறார்கள். எல்லாம் ஒரே வாசல் வழியாக உள்ளே போய் ஒரே தரையில் குவிந்துகொண்டிருக்கிறது. வாசனை? மெற்றில்டா தலைக்கு என்ன எண்ணெய் வைப்பாள்? அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும். யோசி. அந்த வார்த்தையோடு ஒரு வெளிச்சம் இருக்கிறதா? இருக்கிற மாதிரி இருந்தது. கண் கூசுகிற மாதிரி. தொட்டிக்குள் இருட்டு. வெளிச்சம் இருந்தால் வாசல்தான், வெயில்தான், அப்படியானால் தப்பித்தேன். தப்பித்தேன் என்று நினைத்த உடனே அந்த வெளிச்சம் பெரிதாகி வெயிலாக அடித்தது, அதில் ஒரு காக்கைகூட வந்து உட்கார்ந்தது. உடனே சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் காக்கை இப்போது மதில் மேல் உட்கார்ந்திருக்கிற காக்கை. இந்த வெயில் இப்போது அடிக்கிற வெயில். நீ வேண்டும் என்பதற்காக வைத்துக்கொள்கிற வெளிச்சம், பங்கிராஸ். தன் தலைக்குள்ளேயே பொய்ச்சாட்சி ஜோடித்துக்கொண்டிருக்கிறாய்.

"யாருகிட்ட பேசுதிய?"

சலேத்தம்மாள், குசினியில் சமைக்கிறவள், தம்ளரில் சுக்குத் தண்ணீரோடு நின்றாள். இந்தப் பங்குக்கு அவர் வருவதற்கு முந்தியே வந்தவள். மூன்று சாமியார்களுக்குச் சமைத்துப் போட்டு அனுப்பியவள்.

"யாரு பேசினா?"

"நீங்கதான். காக்கா, காக்கான்னிய."

"ஜெபம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"காக்காய்க்கு ஒரு ஜெபம் இருக்காக்கும். சரி, ஒரு மணி மாத்திரையத் தின்னியளா?"

"தின்னேன்."

"அப்ப டப்பாவுல கெடக்கது என்ன, மாதாவுக்குப் போட்ட காணிக்கையா?" என்று மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறவரைக்கும் நின்றாள். "மறதின்னு ஒத்துக்கிட்டாத்தான் என்ன சாமி? எனக்கும்தான் மறக்குது. உப்பு ரெண்டு தடவ போடுதேன். நீங்களும் சேத்துத் தின்னுபுடுதிய, கணக்கு சரியாப் போவுது."

"எனக்கு மறதி எல்லாம் கெடயாது. நீ போ."

அவள் போனாள். சலேத்தம்மாள் சொல்லியிருப்பாளோ? ஊர்ச் சமாசாரம் எல்லாம் அவள் வாயிலிருந்துதானே வருகிறது. கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் என்ன. சலேத்தம்மா, கஸ்மீருக்குக் கடுதாசி வந்ததை நீயா எனக்குச் சொன்னாய்? வாய் வரைக்கும் வந்ததை அப்படியே அமுக்கினார். கேட்டால் இரண்டாம் தடவை உடைத்ததாகும். அவளுக்குத் தெரியாவிட்டால் இப்போது தெரிந்துவிடும், விளக்கு வைப்பதற்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். யாரிடமும் கேட்க முடியாது. இதுதான் இந்தப் பூட்டின் விசேஷம். சாவி தொலைந்துவிட்டதா என்று வெளியே சொல்லிக்கூடத் தேட முடியாது. மெற்றில்டாவிடமே போய்க் கேட்கலாமா? தொட்டியில் சொன்னதைப் பற்றிச் சொன்னவரிடமே பேசுவதற்கும் முதலில் அந்த ஆளே உத்தரவு தர வேண்டும். அம்மா, நீ என்னிடம் பாவசங்கீர்த்தனத்தில் இப்படி ஏதாவது சொன்னாயா? என்ன கேள்வி இது. நூறு வருஷத்தில் எந்தச் சாமியாராவது கேட்டிருப்பாரா?

மூன்றரை. நிழல் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ. கஸ்மீர் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் பேசாமல் இருக்கிற ஆள். அவன் அப்பன் ஒரு தடவை எட்டு மாதம் வீட்டில் பேசாமல் இருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். இதை எங்கே கேட்டேன்? ஐயோ, இதையும் எங்கே கேட்டேன். பார், ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடுகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம், குடியை விட்டுட்டீராமே என்று கேட்டேனே, அது எந்த அறையிலிருந்து வந்தது? அந்தோனியார் திருவிழாவில் கொடியேற்றும்போது ஒருவனைப் பார்த்து, உன் தம்பியோட சமாதானம் ஆயிட்டியா என்றேனே, அவன் தலையைக் குனிந்தானே. ஆறு மாதமாக, ஒரு வருஷமாக, எத்தனை பேர் தலையைக் குனிந்தார்கள், எத்தனை பேர் முகம் வெளுத்தது, அதெல்லாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேனா? பங்குச் சாமியாருக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை வேறு. நெஞ்சில் ஒரு பிடிப்பு. இப்படியே போய்விட்டால்கூட நல்லதுதான் என்று நினைத்து, உடனே பயந்தார். இந்த நிலைமையில் போனால் எங்கே போவது?

நான்கு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்குத் தொட்டியில் உட்கார்வதில்லை. உடம்பு சரியில்லை என்று மணியடிக்கிற கோவில்பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிடலாம், அது பொய்யும் இல்லை. நாளைப் பூசைக்கு யாரையாவது அனுப்பச் சொல்லலாம். திங்கட்கிழமை ஆயரைப் பார்த்து, என்னால் இனி முடியாது, கேட்டது எது சொன்னது எது என்று தெரியவில்லை, ஓய்வு இல்லத்தில் ஒரு மூலையைக் கொடுங்கள் என்று கேட்டுவிடலாம். அந்த இல்லத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்க்காத பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முடிந்துபோன பூசையை மறுபடி மறுபடி தொடங்குவார். ஆனால் அங்கே யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அது போதும். முடிவு எடுத்ததும் மனசு லேசாகும் என்று பார்த்தார். ஆகவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் பிரசங்கம் சரியாக வந்ததில்லை, பாட்டு வராது, கட்டின கோவில் ஒன்றும் இல்லை. அந்த இருட்டுப் பெட்டிக்குள் காதைக் கொடுத்து உட்கார்வது ஒன்றுதான் தனக்கு நன்றாக வந்தது. ஒரு மனிதன் எழுந்து போகும்போது அவன் நடை மாறியிருப்பது காலடிச் சத்தத்திலேயே தெரியும். அதையும் கொடுத்துவிட வேண்டும். சரி, கொடுத்துவிடலாம்.

கேட் கிறீச்சிட்டது. மெற்றில்டா வந்துகொண்டிருந்தாள். தனியாக, காலையில் கட்டியிருந்த அதே சேலை, வேகமான நடை. அவள் படியேறி, ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல், அவருடைய வலது பக்கமாக வந்து நின்று என்னவோ கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. உதடு மட்டும் ஆடியது.

"இந்தப் பக்கம் வாம்மா. அது கேக்காத காது."

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. "யாரு சாமி சொன்னா ஒங்ககிட்ட?"

அவர் சுக்குத் தண்ணீர்த் தம்ளரை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. நாலு மாசமா அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன் அந்தக் கடுதாசிய. எங்கம்மைக்குத் தெரியாது, எங்கக்காவுக்குத் தெரியாது. ஒங்ககிட்டயே சொல்லல! மாசாமாசம் வந்து முழங்கால்ல நிக்கேன், கோவம் வந்துச்சு, பொறாமைப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன்னு எல்லாத்தயும் சொல்லுதேன், இத மட்டும் தொண்டையில வச்சு முழுங்கிட்டுப் போறேன். சாமிகிட்டயே சொல்லாதது சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

காதுக்குள் போன வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி உட்கார்ந்தன. ஒங்ககிட்டயே சொல்லல.

"என்ன சொன்ன?"

"ஆமா, சொல்லல. பாவந்தான். மறைச்ச பாவசங்கீர்த்தனம், அதுக்கு மேல பூசையில நன்மை அப்பம் வேற வாங்கியிருக்கேன். திட்டணும்னா திட்டுங்க."

"என்கிட்ட நீ சொல்லவே இல்ல."

"இல்லங்கேன்லா!"

"தொட்டியில ஒருநாளும் சொல்லல."

"அந்த மாதா மேல சத்தியமா சொல்லல சாமி, எத்தனை தடவ கேப்பிய?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. வயிறு குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. முன்னால் ஒரு பெண்பிள்ளை பாவத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், அதைக் கேட்டு ஒரு குருவானவர் இப்படிச் சந்தோஷப்படுகிறார். குசினியிலிருந்து சலேத்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மெற்றில்டா பயந்துபோனாள்.

"சாமி, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லயே? தண்ணி கொண்டாரவா?"

"நல்லாருக்கேன். நல்லாருக்கேம்மா. ஒக்காரு. யாருக்கெல்லாம் தெரியும் அந்தக் கடுதாசி வந்தது?"

"எனக்கு. பொறவு..." அவள் நிறுத்தினாள். "தபால்காரர்தான். கையெழுத்து வாங்கையிலயே, பம்பாய்க் கப்பல் கம்பெனி, ஒங்க வீட்டுக்காரருக்கு யோகந்தான்னு பல்லக் காட்டினாரு. அந்த மனுசன்தான் ஒங்ககிட்ட ஒளறியிருக்காரு. நெத்தி நெறயத் திருநீறு பூசினா மட்டும் போதுமா, வாயக் கட்ட வேண்டாமா?"

தபால்காரர். நெற்றி நிறையத் திருநீறு. வாழ்நாளில் ஒருநாளும் அந்தத் தொட்டிப் பக்கம் வந்து முழங்காலிடாத மனிதர். அவர் எப்போது வந்தார், எங்கே நின்று சொன்னார், பங்கிராஸ் சாமியாருக்கு இப்போதும் நினைவில்லை. தேடவும் தோன்றவில்லை. உடம்பு முழுக்க, கணுக்காலில் கட்டி நின்ற தண்ணீர்கூட, ஒரு படி கீழே இறங்கிய மாதிரி இருந்தது. சுவர் பொரிந்திருக்கிறது, இடியவில்லை. மற்றவர்கள், அந்த வாத்தியார், அந்தத் தம்பிக்காரன், அதெல்லாம் என்னவோ தெரியாது. ஆயரைப் பார்க்கத்தான் வேண்டும், உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது திங்கட்கிழமை.

"ஏம்மா மறைச்ச?" என்றார் கடைசியில், அவள் வந்த காரியம் நினைவுக்கு வந்து.

"போன தடவ கப்பலுக்குப் போயிட்டு மூணு வருசம் கழிச்சு வந்தாவ. பிள்ள, யாரும்மா இந்த ஆளுன்னு கேட்டுச்சு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "காலைலேருந்து ஒரு வார்த்தை பேசல. கடுதாசிய எடுத்து முன்னால வச்சேன். படிச்சாவ. மடிச்சு வச்சுட்டாவ. கோவிலுக்குப் போணும்னேன், சைக்கிள எடுத்தாவ. கேட்டுக்கு வெளிய நிக்காவ. சாமி, இத முறையாச் சொல்லிடுதேன். இன்னைக்கே."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். பாவம் கேட்கும்போது போடுகிற ஊதா ஸ்டோல் துண்டை எடுத்துவரச் சொல்லிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவள் கையைக் கொடுக்க, படியில் ஒவ்வொரு காலாக இறங்கினார். கோவிலுக்குள் நாலைந்து பேர் வந்து சிதறி உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிக்குள் போய் உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டார். இடது பக்கம் மரம் முனகியது, அவள் முழங்காலிட்டாள். அவர் பலகையைத் தள்ளித் திறந்து, காதைத் தட்டியோடு வைத்தார்.

அவள் பீடத்துக்கு முன்னால் போய் ஜெபம் சொல்ல நின்ற பிறகு, கால் வீக்கத்துக்குத் தின்ற தண்ணீர் மாத்திரை ஒன்றுக்கு முட்டவைக்க, வரிசையில் இருந்தவர்களிடம் இதோ வந்துட்டேன் என்று கை காட்டிவிட்டுப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தார். திரும்பி வரும்போது கஸ்மீர் எதிரே வந்து நின்றான். சைக்கிளை இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"இந்தப் பக்கம் வந்து கேளு."

சைக்கிளோடு சுற்றி வந்தான். "அந்தக் கப்பல் சமாசாரம். ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அவ வந்து ஒங்ககிட்ட அழுதாளா? என்ன சொன்னா?"

காலையில் கேட்டிருந்தால் உளறிக் கொட்டியிருப்பார். இப்போது சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எது எங்கே வைத்துக் கேட்டது என்பதும் இந்த ஒரு தடவை துல்லியமாக, கம்பித் தட்டியின் துரு வாசனையோடு தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியால?"

கஸ்மீர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவன் பார்வை இளகியது. வயசான ஆளைப் பார்க்கிற பார்வை. "இல்ல சாமி. அவளும் சாப்பிடல. வரட்டும், சேந்து போயிச் சாப்பிட்டுக்கிடுதோம்." சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்து வாசற்படியில் ஏற்றிவிட்டான். "ஒங்களுக்கு மறதி ரொம்பக் கூடிப்போச்சு சாமி. காலைல கேட்டதே நெனப்பில்ல."

"ஆமால," என்றார் பங்கிராஸ் சாமியார். அதை அவர் ஒருவரிடம் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. "கூடித்தான் போச்சு."